கண்ணசைவும் மனவடுவும்

மனிதனுக்கு வாய்த்த பேறுகளுள் நினைவாற்றல் தலையாயது. கற்றதை நினைவில் இருத்தியே மாணவன் அறிஞனாகின்றான். பட்டதை நினைவில் இருத்தியே முதியோன் இளையோர்க்கு வழிகாட்டுகின்றான். எனினும் நினைவு எக்காலத்தும் நன்மையே பயக்குமென்று கூறுவதற்கில்லை. பெருந்தீ, வெள்ளம், வீதி விபத்து, போர், வன்செயல் முதலியவற்றிற் சிக்கி உயிர் தப்பியோருட் சிலருக்கு அந்நிகழ்ச்சியின் நினைவே தீராத நோயாகிவிடுகின்றது. ஏனைய நினைவுகள் காலஞ் செல்லச் செல்ல மங்கிப் பழங்கதையாகின்றன. இந்நினைவோ மங்குவதில்லை. ஆண்டுகள் பல கழிந்த பின்னரும் ஒரு சிறு ஓசையோ, ஒரு மணமோ, எவரோ ஒருவரின் குரலோ அதனைத் தட்டி எழுப்பிவிடும். அவ்வேளையில் அவர் அந்நிகழ்ச்சியினுள்ளே மீண்டும் நிற்பவர்போல நடுங்குகின்றார், நெஞ்சு படபடக்கின்றது, கை கால்கள் வியர்க்கின்றன. இரவில் உறக்கம் கெடுகின்றது. உறங்கினும் கொடுங்கனவு எழுப்பிவிடுகின்றது. உடற்காயம் ஆறியபின் தழும்பு நிற்றல்போல, உள்ளத்தில் நின்றுவிடும் இதனை மனவடு என்பர்.

இந்நோய் மனித இனத்துக்குப் புதியதன்று. ஆயினும் வைத்திய நூலார் இதனை நோயென ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் சென்றது. முதலாம் உலகப் பெரும்போரிலே போர்க்களத்திலிருந்து திரும்பிய வீரர் பலர், உடலில் யாதொரு காயமுமின்றி நடுக்கம், பேச்சிழத்தல், பார்வைக் குறைவு முதலிய துன்பங்களுக்கு ஆளாயினர். கேம்பிரிட்ஜ் உளநூலறிஞர் சார்ள்ஸ் மையர்ஸ் 1915ஆம் ஆண்டில் இதனை 'எறிகுண்டு அதிர்ச்சி' என்னும் பெயரால் வைத்தியச் சஞ்சிகையொன்றில் எழுதினார். வெடியதிர்ச்சியால் நரம்புகள் கெட்டனவென்று சிலர் கருதினர். கோழைத்தனமென்று இகழ்ந்தோரும் உளர். வியற்நாம் போரின் பின்னர், அங்கிருந்து மீண்ட வீரர்கள் பட்ட துன்பம் அமெரிக்க வைத்தியரின் கவனத்தை ஈர்த்தது. 1980ஆம் ஆண்டில் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் வெளியிட்ட நோய்ப் பாகுபாட்டு நூலின் மூன்றாம் பதிப்பிலேயே இது முதன்முறையாகத் தனியொரு நோயாக இடம்பெற்றது. நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என இதனைத் தமிழில் வழங்கலாம்.

நோய்க்குப் பெயர் கிடைத்தபின் மருந்தைத் தேடும் முயற்சிகள் பெருகின. அவற்றுள் மிகவும் வியப்புக்கும், மிகவும் வாதத்துக்கும் இடமானது கண்ணசைவுச் சிகிச்சையாகும். நோயாளர் தம்மை வருத்தும் நினைவை மனத்தில் நிறுத்திக்கொண்டு, வைத்தியரின் விரல் இடமும் வலமுமாக அசைவதைக் கண்களாற் பின்தொடர்வதே இதன் புறத்தோற்றம். இத்துணை எளிய செயல் அத்துணைக் கொடிய நோயைத் தணிக்குமோ என்னும் ஐயம் கேட்போர் எவர்க்கும் எழுதல் இயல்பே. அவ்வையம் எவ்வாறு எழுந்தது, எவ்வாறு சோதிக்கப்பட்டது, சோதனையின் முடிவில் எஞ்சிய உண்மை யாது என்பவற்றை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்முறையைக் கண்டவர் பிரான்சின் ஷபிரோ என்னும் அமெரிக்கப் பெண்மணியார். 1948இல் நியூயோர்க் நகரத்தின் புறூக்ளின் பகுதியிற் பிறந்த இவர், முதலிற் பயின்றது ஆங்கில இலக்கியமே. இலக்கியத்திற் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த காலத்திற் புற்றுநோய்க்கு ஆளானார். நோயினின்று மீண்ட பின்னர், மன நெருக்கீடு உடலை எவ்வாறு பாதிக்கின்றது என்னும் வினா அவரைப் பற்றிக்கொண்டது. இலக்கியத்தை விடுத்து உளநூல் பயிலத் தொடங்கிக் கலிபோர்ணியா சென்றார். 1987ஆம் ஆண்டில் ஒருநாள் லொஸ் கற்றொஸ் என்னும் ஊரிலுள்ள பூங்காவில் உலாவிக்கொண்டிருந்தபோது, தம்மை வருத்திக்கொண்டிருந்த எண்ணங்கள் திடீரென வலுவிழந்தமையை உணர்ந்தார். எண்ணம் எழுந்தபோது தம் கண்கள் தாமாகவே விரைந்து அசைந்தமையையும் அவர் கவனித்தார். பின்னர் வேண்டுமென்றே அவ்வாறு கண்களை அசைத்துப் பார்த்தார். நண்பர்களையும் அவ்வாறு செய்வித்தார். பலராற் கண்களை அவ்வாறு தொடர்ந்து அசைக்க இயலாமையாற் தம் விரலை அசைத்து அதனைப் பின்தொடரச் செய்தார். இக்கதை அவரே கூறியது. கண்டுபிடிப்பொன்றின் தொடக்கம் தற்செயலாக அமைதல் விஞ்ஞான வரலாற்றிற் புதுமையன்று. ஆயின் தற்செயலாகக் கண்டதை மெய்யெனக் கொள்வதற்குச் சோதனை வேண்டும்.

அச்சோதனையின் முதற்படியை ஷபிரோ 1989ஆம் ஆண்டில் வெளியிட்டார். வியற்நாம் போரின் கொடுமையாலோ பாலியல் வன்செயலாலோ மனவடுவுற்ற 22 பேர் அதிற் பங்குபற்றினர். ஒரு பகுதியினர்க்குக் கண்ணசைவுடன் கூடிய சிகிச்சை அளிக்கப்பட்டது. மற்றப் பகுதியினர் கண்ணசைவின்றித் தம் நினைவை விரித்துக் கூறினர். ஒரேயொரு அமர்வின் முடிவிற் கண்ணசைவு பெற்றோரின் கலக்கம் பெரிதும் தணிந்ததென்றும், மூன்று திங்களின் பின்னரும் அப்பயன் நிலைத்ததென்றும் அவர் எழுதினார். அறிஞர் உலகம் இதனை வியந்தது. உடனே குறைகளையும் எடுத்துக்காட்டியது. சிகிச்சை செய்தவரே பயனை அளந்தவராகவும் இருந்தார். நோயாளர் தம் வாயாற் கூறிய மதிப்பே முதன்மையான அளவுகோலாயிருந்தது. இத்தகைய சோதனையில் விருப்பம் உண்மையின் வேடம் பூண்டு வருதல் எளிது. ஆதலின் இது முடிவன்று; தொடக்கமே.

காலப்போக்கிற் சிகிச்சைமுறை விரிவடைந்து, கலக்கத்தைத் தணித்தலோடு நினைவை மீளச் சீர்ப்படுத்தலையும் நோக்கமாகக் கொண்டது. அதற்கேற்ப நீண்ட ஆங்கிலப் பெயரும் பெற்றது. அப்பெயரின் முதலெழுத்துக்களைக் கூட்டி ஈ.எம்.டி.ஆர். என வழங்குவர். அது எட்டுப் படிகளை உடையது. முதற்படியில் வைத்தியர் நோயாளரின் வரலாற்றைக் கேட்டறிகின்றார். இரண்டாம் படியிற் சிகிச்சையின் இயல்பை விளக்கி, கலக்கம் மிகும்போது மனத்தை அமைதிப்படுத்தும் பயிற்சியை அளிக்கின்றார். இப்படியைக் கடவாது அடுத்த படிக்குச் செல்லலாகாது என்பது விதி. நீந்தக் கற்பிக்குமுன் ஒருவரை ஆழத்தில் இறக்குதல் தகாதன்றோ?

மூன்றாம் படி அளவீடாகும். பஸ்வண்டி விபத்தொன்றில் உயிர் தப்பிய ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்க. அந்நினைவில் மிகக் கொடிய காட்சி எதுவென வைத்தியர் வினவுகின்றார். கண்ணாடி நொறுங்கிய கணம் என்று அவர் கூறலாம். அக்காட்சியோடு தம்மைப்பற்றி அவர் கொண்டுள்ள எண்ணம் யாது? 'என்னால் ஒன்றும் இயலாது' என்பதாக இருக்கலாம். அதற்கு மாறாக எவ்வெண்ணத்தை அவர் விரும்புகின்றார்? 'ஆபத்து முடிந்துவிட்டது, நான் பிழைத்துவிட்டேன்' என்பதாக இருக்கலாம். இவ்விரும்பிய எண்ணம் எவ்வளவு மெய்யெனத் தோன்றுகின்றது என்பதை 1 முதல் 7 வரையுள்ள அளவில் அவரே மதிப்பிடுகின்றார். கலக்கத்தின் அளவை 0 முதல் 10 வரையுள்ள எண்ணாற் குறிக்கின்றார். பின்னைய அளவுகோல் யோசப் வொல்ப் என்னும் உளமருத்துவ அறிஞர் முன்னரே வகுத்ததாகும்.

நான்காம் படியிலேயே கண்ணசைவு தொடங்குகின்றது. நோயாளர் காட்சியையும், எண்ணத்தையும், உடலில் எழும் உணர்ச்சியையும் மனத்திற் கொண்டிருக்க, வைத்தியர் இரு விரல்களை அவர் முகத்திலிருந்து ஏறத்தாழ ஓரடி தொலைவில் நிறுத்தி இடமும் வலமுமாக அசைக்கின்றார். ஏறத்தாழ 24 முறை அசைத்தபின் நிறுத்தி, 'இப்பொழுது யாது தோன்றுகின்றது?' என வினவுகின்றார். நோயாளர் நீண்ட கதை கூறவேண்டியதில்லை. தோன்றியதைச் சில சொற்களிற் கூறினாற் போதும். தோன்றியதையே பற்றிக்கொண்டு அடுத்த அசைவு தொடங்குகின்றது. நொறுங்கிய கண்ணாடியில் தொடங்கிய நினைவு, உதவிக்கு வந்தோரின் முகங்களுக்குச் செல்லலாம். வைத்தியசாலையில் விழித்த காலைப்பொழுதுக்குச் செல்லலாம். கலக்கத்தின் எண் சிறிது சிறிதாக இறங்கும்வரை இது தொடரும். ஐந்தாம் படியில் விரும்பிய எண்ணம் நினைவோடு இணைக்கப்படுகின்றது. ஆறாம் படியில் உடலின் எப்பகுதியிலேனும் இறுக்கம் எஞ்சியுள்ளதோ எனச் சோதிக்கப்படுகின்றது. ஏழாம் படி அமர்வை அமைதியாக நிறைவுசெய்தல். எட்டாம் படி அடுத்த அமர்விற் பயன் நிலைத்துள்ளதோ என மீளாய்தல்.

கண்களே அசையவேண்டும் என்னும் நியதியும் பின்னர்த் தளர்ந்தது. இரு காதுகளிலும் மாறி மாறி ஒலி எழுப்புதலும், இரு கைகளையும் மாறி மாறித் தட்டுதலும் வழக்கில் வந்தன. 1997ஆம் ஆண்டில் மெக்சிக்கோ நாட்டின் அக்காப்புல்கோ நகரைப் பவுலின் என்னும் சூறாவளி தாக்கியது. அதிலே தப்பிய சிறுவர்களிடையே பணிபுரிந்த லூசினா ஆர்த்திகாஸ் என்பவர், ஒவ்வொருவராகச் சிகிச்சை செய்ய இயலாத நிலையில், சிறுவர்கள் தம் இரு கைகளையும் மார்பின் குறுக்கே வைத்து, வண்ணத்துப்பூச்சி சிறகடித்தல்போல மாறி மாறித் தம்மைத் தாமே தட்டிக்கொள்ளும் முறையை அமைத்தார். வண்ணத்துப்பூச்சி அணைப்பு எனப்படும் அம்முறை, பேரிடர் நேர்ந்த பல நாடுகளிற் பின்னர்க் கையாளப்பட்டது.

இவ்வளவில் ஐயவாதிகளின் வினா கூர்மையடைந்தது. அஞ்சும் பொருளை அமைதியான நிலையிற் சிறிது சிறிதாக மனத்தாற் சந்தித்து அச்சத்தைத் தணிக்கலாம் என்பதை மேற்கூறிய வொல்ப் 1958ஆம் ஆண்டிலேயே நூலாக வெளியிட்டிருந்தார். தென்னாபிரிக்காவிற் பிறந்த அவர், இரண்டாம் உலகப் போரிலே மனவடுவுற்ற வீரர்களுக்கு மருந்துகள் பயன்படாமையைக் கண்டு அவ்வழியிற் சென்றவர். துன்ப நினைவை ஒதுக்காது மீண்டும் மீண்டும் எதிர்கொள்ளச் செய்யும் வேறு சிகிச்சைகளும் நல்ல பயனைத் தந்திருந்தன. ஈ.எம்.டி.ஆர். முறையிலும் நோயாளர் நினைவை எதிர்கொள்ளத்தான் செய்கின்றார். எனவே நோயைத் தீர்ப்பது பழைய எதிர்கொள்ளலே. விரலசைவு வெறும் அலங்காரமே என்று பலர் வாதித்தனர். ஹாவட் பல்கலைக்கழகப் பேராசிரியர் றிச்சேர்ட் மக்நலி 1999ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில் இம்முறையை மெஸ்மரின் காந்த சிகிச்சையோடு ஒப்பிட்டார்.

அவ்வொப்புமை கருதத்தக்கது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பரிஸ் நகரில் பிரான்ஸ் அன்ரன் மெஸ்மர் என்னும் வைத்தியர், உயிர்க்காந்தம் என்னும் கண்ணுக்குப் புலப்படாத பாய்பொருளைக் கையசைவாற் செலுத்தி நோய் தீர்ப்பதாகக் கூறினார். நோய் தீர்ந்ததெனச் சான்று பகர்ந்தோர் பலர். 1784ஆம் ஆண்டில் பிரெஞ்சு மன்னர் அமைத்த விசாரணைக் குழுவில் பெஞ்சமின் பிராங்கிளினும், இரசாயன நூலறிஞர் இலவோசியேயும் இருந்தனர். பிராங்கிளினின் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் காந்தம் ஏற்றப்பட்டது. கண்கட்டப்பட்ட சிறுவன் ஒருவன் மரத்துக்கு மரம் நடத்திச் செல்லப்பட்டான். அவன் காந்தம் ஏற்றப்படாத மரத்தின் அடியில் மயங்கி வீழ்ந்தான். விளைவு மெய், காரணமாகக் கூறப்பட்ட காந்தம் பொய், மெய்யான காரணம் நம்பிக்கையே எனக் குழு துணிந்தது. ஒரு சிகிச்சையாற் பயன் உண்டென்பது வேறு. அதற்கு அதனைச் செய்வோர் கூறும் காரணம் மெய்யென்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டுமாயின், சிகிச்சையின் பிற உறுப்புக்களை எல்லாம் அவ்வாறே வைத்து, ஐயத்துக்குரிய உறுப்பை மட்டும் நீக்கிப் பார்த்தல் வேண்டும்.

அவ்வாறே சோதனைகள் நிகழ்ந்தன. 1996ஆம் ஆண்டில் றொஜர் பிற்மனும் அவர் குழுவினரும் வியற்நாம் போர்வீரர் 17 பேருக்குக் கண்ணசைவுடனும், கண்களை அசையாது நிறுத்தியும் சிகிச்சை அளித்தனர். கண்ணசைவாற் தனிப்பயன் எதுவும் காணப்படவில்லை. 2001ஆம் ஆண்டில் 34 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய டேவிட்சன், பாக்கர் என்போர், சிகிச்சையாற் பயன் உண்டாயினும் கண்ணசைவு வேண்டுவதன்று எனக் கண்டனர். வாதம் இத்துடன் முடிந்ததெனப் பலர் எண்ணினர். ஆயின் 2013ஆம் ஆண்டில் லீ, குயிப்பெர்ஸ் என்போர் 26 ஆய்வுகளைத் தொகுத்தபோது, கண்ணசைவு மிதமான அளவிலேனும் தனிப்பயன் தருகின்றதென்னும் மாறுபட்ட முடிவு கிடைத்தது. 2016ஆம் ஆண்டில் ஜேர்மனியில் மார்ட்டின் சாக் குழுவினர் 139 நோயாளரை மூன்று கூறாகப் பிரித்தனர். ஒரு கூறினர் அசையும் கையைக் கண்களாற் பின்தொடர்ந்தனர். ஒரு கூறினர் அசையாத கையை உற்றுநோக்கினர். எஞ்சியோர் புறப்பொருள் எதனிலும் கவனம் செலுத்தாது நினைவை மட்டும் எதிர்கொண்டனர். மூன்று கூறினரும் நலமுற்றனர். ஆயின் கையை நோக்கிய இரு கூறினரும் எஞ்சியோரிலும் மிகுதியாக நலமுற்றனர்; கை அசைந்தமையால் அவ்விரு கூறினரிடையே வேறுபாடு விளையவில்லை.

இம்முடிவு ஒரு முக்கியமான குறிப்பைத் தருகின்றது. நினைவை எதிர்கொள்ளுதல் பயன் தருகின்றது. எதிர்கொள்ளும்போதே கவனத்தின் ஒரு பகுதி புறத்தே நிற்பின் அப்பயன் பெருகுகின்றது. இது ஏன்? இதற்கு விடை கூறுவது செயல்நினைவுக் கொள்கையாகும். மனம் ஒரே சமயத்திற் கையாளக்கூடிய செய்திகளுக்கு ஓர் எல்லையுண்டு. அவ்வெல்லைக்குட்பட்டுத் தொழிற்படும் தற்காலிக நினைவிடத்தைச் செயல்நினைவு என்பர். 1974இல் அலன் படெலி, கிரஹம் ஹிச் என்னும் ஆங்கில அறிஞர்கள் இதன் அமைப்பை விளக்கினர். மனக்கணக்குச் செய்துகொண்டே பிறிதொரு பேச்சையும் கவனமாகக் கேட்க முயலும் மாணவனுக்கு இரண்டுமே குறைவுபடும். அதுபோலக் கொடிய காட்சியொன்றை மனக்கண்முன் நிறுத்துவதற்கும் செயல்நினைவு வேண்டும்; அசையும் விரலைப் பின்தொடர்வதற்கும் அதுவே வேண்டும். இரண்டும் அவ்விடத்துக்குப் போட்டியிட, காட்சி தன் முழு வலிமையோடு நிற்க இடமின்றி மங்குகின்றது.

இக்கொள்கை மெய்யாயின், கண்ணசைவு மட்டுமன்றிச் செயல்நினைவை ஈடுபடுத்தும் எச்செயலும் அவ்வாறே பயன்படல் வேண்டும். செயல்நினைவை ஈடுபடுத்தாத செயல் பயன் குன்றல் வேண்டும். ஒல்லாந்து நாட்டின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் மார்செல் வன் டென் ஹவுட், ஐரிஸ் எங்கல்ஹாட் என்போரும் அவர்தம் குழுவினரும் இதனைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தனர். எண்களைப் பின்னோக்கி எண்ணுதலும், சிக்கலான உருவொன்றைப் பார்த்து வரைதலும் நினைவின் கூர்மையைக் குறைத்தன. சும்மா இருந்து ஒலியை மட்டும் கேட்டல் கண்ணசைவிலும் குறைந்த பயனையே தந்தது. இடமும் வலமுமாகத் தூண்டுதலால் மூளையின் இரு பாதிகளும் இணைகின்றன என முன்னர்க் கூறப்பட்ட விளக்கம் இதனால் வலுவிழந்தது. கனவு காணும் உறக்கத்திற் கண்கள் விரைந்து அசைதலை 1953இல் அசெரின்ஸ்கி, கிளைற்மன் என்போர் சிக்காக்கோவிற் கண்டறிந்து வெளியிட்டனர்; அவ்வுறக்கத்தோடு இச்சிகிச்சையைத் தொடர்புபடுத்துவோரும் உளர். கவர்ச்சியான அக்கருத்து இன்னும் உறுதிப்படவில்லை.

மூளையினுள்ளே நிகழ்வதையும் ஆய்வாளர் நோக்கினர். அச்சத்தை ஆளும் மூளைப்பகுதியொன்று வாதுமைப் பருப்பின் வடிவினதாதலின் அதனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அமிக்டலா எனப்படும். 2018இல் ஒல்லாந்து நாட்டின் நைமேகன் நகரில் நிகழ்ந்த ஆய்வொன்று, கண்களை இடமும் வலமுமாக அசைக்கும்போது அமிக்டலாவின் தொழிற்பாடு தணிகின்றதெனவும், கற்ற அச்சம் பின்னர் மீளுதல் குறைகின்றதெனவும் காட்டியது. 2019இல் கொரியாவைச் சேர்ந்த ஆய்வாளர், அச்சமூட்டப்பட்ட சுண்டெலிகளின் முன் ஒளியை இடமும் வலமுமாக மாறி மாறிக் காட்டியபோது அச்சம் தணிந்தமையையும், பார்வையை நெறிப்படுத்தும் நடுமூளைப் பகுதியிலிருந்து அமிக்டலாவரை செல்லும் நரம்புப்பாதை இதில் தொழிற்பட்டமையையும் வெளியிட்டனர். சுண்டெலிக்கு நோய் வரலாறு கூறி நம்பிக்கையூட்டுதல் இயலாது; ஆதலின் மெஸ்மருக்கு நேர்ந்த முடிவை இம்முறைக்கு அப்படியே சாற்றுதல் பொருந்தாது.

நினைவு ஒருமுறை மங்கினால் நிலையாக மங்கியிருப்பது எங்ஙனம் என்னும் வினா எஞ்சுகின்றது. நினைவென்பது பெட்டியில் இட்டுப் பூட்டிய ஏட்டுச்சுவடி போன்றதென முன்னர்க் கருதப்பட்டது. 2000ஆம் ஆண்டில் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் கரீம் நாடர், கிளென் ஷாஃபி, யோசப் லெடூ என்போர் எலிகளைக் கொண்டு செய்த ஆய்வு அக்கருத்தை அசைத்தது. மீட்டெடுக்கப்பட்ட நினைவு சிறிதுநேரம் இளகிய நிலையில் நின்று பின்னரே மீண்டும் உறைகின்றது என்பதை அவ்வாய்வு புலப்படுத்தியது. கண்ணசைவால் மங்கிய நினைவு மங்கிய வடிவிலேயே மீள உறைகின்றது போலும் என இதனைக்கொண்டு அறிஞர் பலர் ஊகிக்கின்றனர். நிகழ்ச்சி மறக்கப்படுவதில்லை, அதன் கொடுக்கு முறிகின்றது. நலமுற்றவர் விபத்து நேர்ந்த நாளையும் இடத்தையும் தவறாது கூறுவார், கூறும்போது நடுங்குவதில்லை.

இனிச் சிகிச்சையின் பயனையும் எல்லையையும் நோக்குதல் தகும். 2007ஆம் ஆண்டில் பெசல் வன் டெர் கொல்க் குழுவினர் 88 நோயாளரிடையே இம்முறையையும், புளுஒக்செற்றீன் என்னும் மருந்தையும், மருந்துபோலத் தோன்றும் வெறுங்குளிகையையும் ஒப்பிட்டனர். சிகிச்சை முடிந்து ஆறு திங்களின் பின்னர், வளர்ந்தபின் மனவடுவுற்று இம்முறையாற் சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 75 வீதத்தினர் நோய்க்குறிகள் நீங்கியிருந்தனர். குழந்தைப் பருவத்திலேயே மனவடுவுற்றோருள் அவ்வாறு நீங்கியோர் நூற்றுக்கு 33 வீதத்தினரே. வளரும் உள்ளத்தில் விழுந்த வடு ஆழமானது என்பதும், எட்டு வாரச் சிகிச்சை அதற்குப் போதாதென்பதும் இதனாற் பெறப்படும். உலக சுகாதார தாபனம் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறையில் மனவடு நோய்க்குரிய சிகிச்சைகளுள் ஒன்றாக ஈ.எம்.டி.ஆர். முறையை ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்தின் 2018ஆம் ஆண்டு நெறிமுறையோ போர் தவிர்ந்த பிற காரணங்களால் மனவடுவுற்ற வயதுவந்தோர்க்கு இதனை விதந்துரைத்தது. 2020ஆம் ஆண்டில் 76 ஆய்வுகளைத் தொகுத்த குயிப்பெர்ஸ் குழுவினர், குறுகிய காலப் பயன் உண்டாயினும் ஆய்வுகள் பலவற்றின் தரம் குறைவென எச்சரித்தனர்.

வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. கலக்கம் தணியுமுன் சிலருக்கு அது கூடுதலும், அமர்வுகளுக்கிடையே கனவுகள் மிகுதலும் நேரும். ஆதலின் பயிற்சி பெறாதார் பிறர்மீது இதனைச் செய்து பார்த்தல் ஆகாது. எல்லா மனநோய்களுக்கும் இதுவே மருந்தெனக் கூறுவோரின் கூற்றுக்குச் சான்று போதாது. கண்ணசைவு பொய்நினைவுக்கு இடந்தருமோ என்னும் ஐயத்தை 2018இல் மாஸ்திரிக்ட் ஆய்வாளர் எழுப்பினர். அடுத்த ஆண்டில் அதே சோதனையை மீளச் செய்தோர் அம்முடிவைக் காணவில்லை.

நினைவை எதிர்கொள்ளுதலே அடிப்படையாயின் விரலசைவின்றியும் நலம் பெறல் கூடுமன்றோ? கூடும் என்பதற்கு இலங்கையிலேயே சான்றுண்டு. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபின், போராலும் அலையாலும் துன்புற்ற வடகிழக்குச் சிறுவர்கள் 31 பேரிடையே ஓர் ஆய்வு நிகழ்ந்தது. கிளோடியா கற்றானி குழுவினர் அதனை 2009இல் வெளியிட்டனர். ஒரு பகுதிச் சிறுவர் உள்ளூர் ஆலோசகர் துணையுடன் தம் வாழ்க்கைக் கதையை முறையாக எடுத்துக் கூறினர். மற்றப் பகுதியினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்றனர். இரு பகுதியினருக்கும் அமர்வுகள் ஆறே. ஆறு திங்களின் பின் கதை கூறியோருள் நூற்றுக்கு 81 வீதத்தினரும், தியானம் பயின்றோருள் 71 வீதத்தினரும் நோயினின்று நீங்கியிருந்தனர். இச்சிறிய ஆய்விற் கண்ணசைவு என்பதே இல்லை. நலத்துக்குச் செல்லும் வழி ஒன்றன்று என்பது இதனாற் தெளிவாகும்.

2019ஆம் ஆண்டு ஷபிரோ காலமானார். அவர் பூங்காவிற் கண்ட காட்சி மெய். அதற்கு முதலிற் கூறப்பட்ட விளக்கங்கள் பல நிலைக்கவில்லை. ஐயவாதிகள் கேட்ட வினாவும் நேரியதே; எனினும் கண்ணசைவு வெறும் அலங்காரமே என்று அவர்கள் கூறிய முடிவும் முழுமையாக நிலைக்கவில்லை. நம்பினோரும் ஐயுற்றோரும் ஒருவரையொருவர் சோதனையால் திருத்தியமையாலேயே இடைப்பட்ட உண்மை வெளிப்பட்டது. துன்ப நினைவை ஒதுக்கி ஓடுவோனை அது துரத்துகின்றது. நம்பத்தக்க ஒருவர் அருகிருக்க, கவனத்தின் ஒரு பகுதியை இன்றைய பொழுதில் ஊன்றிக்கொண்டு, அளவறிந்து அதனைத் திரும்பி நோக்குவோன்முன் அது வலுவிழக்கின்றது. அசையும் விரல் அவ்வாறு நோக்குவதற்குக் கிடைத்த ஒரு துணை. அவ்வளவே அதன் பெருமை; நெடுங்காலம் உறக்கமிழந்து வருந்திய ஒருவருக்கு அது சிறிய உதவியன்று.